முன்னால் விழும் புள்ளி

பதினொன்றரைக்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டால் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அன்று காலை ஜெபக்கனிக்கு இருந்த கவலை அவ்வளவுதான். ஆனாலும் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைத்தடியை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். பக்கத்தில் யாரோ இருமினால் திரும்பினாள். எதற்கு இந்தப் பதற்றம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது தடவையாக வருகிறாள், புதிதா என்ன?

கண் தெரியாத, பேச்சும் போய்விட்ட ஒரு நோயாளியின் சொல்லுரிமையை அவருடைய பதிலிக்கு மாற்றும்போது, பிரெய்ல் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். தொடுசாட்சி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். தென் மாவட்டங்கள் மூன்றுக்கும் சேர்த்து அந்த ஒருவர் ஜெபக்கனி. மூன்று வருஷத்தில் நான்கு கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பதிலி என்பது பெரிய மாயமொன்றும் இல்லை. ஒருவர் வாழ்நாளில் பேசிப் பதிவான பேச்சையெல்லாம் ஓர் இயந்திரத்துக்குப் புகட்டினால், அது அவர் குரலில், அவர் பேசக்கூடியதைப் பேசும். பக்கவாதத்தில் நாக்கு விழுந்தவர்களின் வீட்டாருக்கு ஓர் ஆறுதலாகத்தான் முதலில் வந்தது. ஆறுதலாக வந்தது அதிகாரமாக மாற அதிக நாளாகவில்லை. நோயாளி விரலால் எழுதுவதற்கு ஓர் இயந்திரம் நூற்றுக்கு இத்தனை என்று தெளிவு மதிப்பெண் போடும். நாற்பது நாள் தொடர்ந்து நாற்பதைத் தாண்டாவிட்டால், இனி அவருக்காகப் பதிலி பேசலாம். பதிலி சம்மதித்தால் உடம்பை நெடுந்துயில் வார்டுக்குக் கொண்டுபோய் மருந்தில் தூங்க வைப்பார்கள். அப்புறம் எழுப்புவதில்லை. பதிலி மட்டும் வீட்டுக்குப் போகும்.

இன்று தூங்கப் போகிறவர் ஆசீர்வாதம். சந்திப்பு ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் குரல் ஜெபக்கனிக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எந்தப் பிளாட்பாரம், எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று அந்தக் குரல் சொன்னால், கூட்டம் எப்படி முட்டி மோதினாலும் அவளுக்குப் பயமிருக்காது. அந்த மனுஷனுக்குத்தான் கையெழுத்துப் போட வந்திருக்கிறாள். பதற்றம் இல்லாமல் எப்படி இருக்கும்?

"எக்கா, உள்ள வாங்க. டாக்டரம்மா வந்துட்டாவ," என்று சுடலைமணி வந்து தோளைத் தொட்டான். நாற்பதை நெருங்குகிறவன், விரலெழுத்துக் கருவிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறைக்குள் காலை வைத்ததுமே அந்தக் குரல் கணீரென்று வந்தது.

"அன்பார்ந்த சாட்சி அவர்களின் கனிவான கவனத்திற்கு. தங்கள் வருகைக்கு நன்றி. எனக்கு நீண்ட ஓய்வு தேவைப்படுகிறது. இதனால் ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறேன்."

ஜெபக்கனிக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ நெருடியது. முப்பத்தோரு வருஷ அறிவிப்புகளைத் தின்று வளர்ந்த பதிலி, வேறு எப்படிப் பேசும்? மனுஷன் வீட்டில் பேசியதையும் பிள்ளையைத் திட்டியதையும் யார் பதிவு செய்து வைத்தார்கள்?

"பேசுறது பதிலி. கட்டில் தலைமாட்டுல இருக்கு," என்றார் டாக்டர் மீனலோசனி. அறுபது கட்டிலை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவரின் அலுப்பு அந்தக் குரலில் இருந்தது. "இவங்க அவரோட மகள், பியூலா."

"வாங்கக்கா," என்றாள் பியூலா. குரல் கரகரத்தது. அழுது முடித்தவளின் குரல்.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "மூளையில அடைப்பு வந்து நாற்பத்திரண்டு நாள். ரெண்டு கைலயும் விரலுறை மாட்டியிருக்கோம். ஆறு விரல், ஆறு புள்ளி. அழுத்துறதை சொல்மாற்றி தமிழாக்குது. முதல் நாள் சோதனை வார்த்தை நாலு குடுத்தோம். மழை, வீடு, இலை, தீ. நாலையும் சரியா எழுதினார். அதுக்கப்புறம் ஒண்ணும் தேறல. அந்தச் சோதனை வார்த்தையிலயே மாட்டிக்கிட்டார். எதைக் கேட்டாலும் இலை, இலைன்னுதான். நேத்து மதிப்பெண் இருபத்திரண்டு. நீங்க சுருக்கத்தைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டா போதும்."

சுடலைமணி தொடுபட்டையை அவள் மடியில் வைத்தான். ஒரு சாண் நீளப் பட்டை. அதில் ஊசிமுனைகள் எழும்பி எழுத்தாகும். ஜெபக்கனி விரலை ஓட்டினாள்.

இலை. இலை. நா. இலை.

அவ்வளவுதான். இதற்கு முன் நான்கு பேருக்கும் இப்படித்தான் சுருக்கத்தைத் தொட்டாள், கையெழுத்துப் போட்டாள், தேநீர் குடித்தாள், பஸ் ஏறினாள். இன்றைக்கு விரல் பட்டையை விட்டு எழவில்லை. இத்தனை வருஷம் காதால் கேட்ட மனுஷனை ஒரே ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

"தம்பி, இதுல மூலம் வரும்லா? அவரு அழுத்துனது, மாத்தாம?"

"வரும்க்கா. ஓரத்துப் பொத்தான். ஆனா அதை யாரும் பாக்கதில்ல."

பொத்தானை அழுத்தினாள். ஊசிகள் ஒருமுறை படுத்து எழுந்தன. விரலை வைத்தாள். முதல் வார்த்தையைக் கடந்தாள், இரண்டாவதைக் கடந்தாள். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது.

'இல்லை. இல்லை. நான் முழித்திருக்கிறேன். இல்லை.'

மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். சந்தேகத்துக்கே இடமில்லை. பள்ளிக்கூடத்தில் பாராட்டு வாங்கும் கையெழுத்துப்போல ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. முந்தைய நாளுக்குப் போனாள். 'தயவுசெய்து மருந்தைக் குறையுங்கள்.' அதற்கும் முந்தைய நாள். 'பியூலா, நான் இங்கேதான் இருக்கிறேன்.'

"டாக்டர், இவரு முழிச்சுதான் இருக்காரு," என்றாள். "தெளிவா எழுதியிருக்காரு. உங்க மெஷினுதான் தப்பா வாசிக்கு."

பதிலி முந்திக்கொண்டு, "பொறுமைக்கு நன்றி," என்றது.

"என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

ஜெபக்கனி சுடலைமணி இருந்த பக்கம் திரும்பினாள். "தம்பி, கம்ப்யூட்டர்ல புள்ளியெழுத்துக்கு என்ன கணக்கு? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு."

"அது எழுத்துக் கணக்கே இல்லக்கா. கோலம் மாதிரின்னு வைங்க. எட்டுப் புள்ளி. அதுல எதெது எழும்புதோ அதுக்கு ஒரு நம்பர். ஒண்ணும் எழும்பாத வெறுங்கட்டத்துக்கும் நம்பர் உண்டு. மொத்தம் எரநூத்தம்பத்தாறு. எந்த பாஷைன்னு அந்த நம்பருக்குத் தெரியாது. ஒண்ணாம் புள்ளி மட்டும் எழும்பினா இங்கிலீஷ்காரனுக்கு ஏ, நமக்கு அ. எழுத்துன்னுகூட அதைச் சேக்கல, குறின்னுதான் வச்சிருக்கு. எது என்ன எழுத்துன்னு ஒரு அட்டவணை போட்டு நாமதான் மாத்திக்கிடணும்."

"நாலாம் புள்ளி மட்டும் எழும்பினா?"

"மெய்யெழுத்துப் புள்ளி."

"அதை எங்க வைக்கும் உன் அட்டவணை?"

"எங்கன்னா? அதுக்கு முன்னால வந்த எழுத்து தலைலதான். தமிழ்ல ல அடிச்சிட்டுப் புள்ளி அடிச்சா ல தலைலதானே ஏறும்?"

"பிரெய்ல்ல புள்ளி முன்னால வரும்டே!" ஜெபக்கனி சத்தம் போட்டாள். "எழுத்து பின்னால. அடுத்து வாரது மெய்யெழுத்துன்னு முதல்லயே சொல்லிருவோம். இ, அப்புறம் புள்ளி, அப்புறம் ல, அப்புறம் லை. அதான் இல்லை. உன் மெஷினு அந்தப் புள்ளிய எடுத்து எது தலைல வைக்கும்?"

"இ தலைல." சுடலைமணி யோசித்தான். "இ-க்குப் புள்ளி கெடையாது. குப்பைன்னு தூக்கிப் போட்டுரும். மிச்சம் இ, ல, லை. அப்படி ஒரு வார்த்தை இல்ல. நோயாளி சொல்லாததை மெஷினு சேக்கக் கூடாது, எடுக்கலாம்னு சட்டம் இருக்கு. அதனால ஒரு ல-வை எடுத்துட்டு…"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இலை," என்றாள் பியூலா.

"நான்னு எழுதினா நா. இல்லைன்னா இலை. வேண்டாம்னா ஒண்ணுமே மிஞ்சாது போல, வெறுங்கோடுதான் வருது." ஜெபக்கனியின் விரல் பட்டையில் ஓடிக்கொண்டேயிருந்தது. "உங்க சோதனை வார்த்தை நாலுலயும் ஒரு புள்ளிகூடக் கெடையாது டாக்டர். மழை, வீடு, இலை, தீ. தேடிப் பிடிச்சு வச்ச மாதிரி."

"நான்தான்க்கா வச்சேன்," என்றான் சுடலைமணி. "சின்ன வார்த்தையா இருக்கட்டுமேன்னு வச்சேன்."

அவனைத் திட்ட அப்போது யாருக்கும் நேரமில்லை. ஜெபக்கனி இருபதாம் நாள் பதிவுக்கு வந்திருந்தாள். அங்கே எழுத்தின் நடையே மாறியிருந்தது. கிழவர் கெட்டிக்காரர். நர்ஸுகள் அவர் எழுதியதைத் தங்களுக்குள் வாசித்துச் சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு, எந்த வார்த்தை போய்ச் சேருகிறது, எது சேரவில்லை என்று அவராகவே கண்டுபிடித்துவிட்டார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் புள்ளி வைத்த எழுத்து வந்தால் வார்த்தை செத்துவிடுகிறது என்பது தெரிந்துவிட்டது. அதனால் புள்ளியே இல்லாத வார்த்தைகளாகத் தேடித் தேடி எழுதியிருந்தார். தமிழில் அப்படிப் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தப் பாடு. நான் என்று சொல்ல முடியாது. இல்லை என்று மறுக்க முடியாது. சரி என்று மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

'எனது குரலே எனது பகை,' என்று ஒரு நாள். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் இயந்திரத்தின் குறிப்பு: கவிதைத் தொடர், பொருத்தமற்றது, மதிப்பெண் பதினெட்டு.

'முடியாது. முடியாது. முடியாது,' என்று இன்னொரு நாள் முழுக்க.

"டாக்டர், இருபத்தாறாம் நாள் முடியாதுன்னு எழுதியிருக்காரே, அன்னைக்கு என்ன செஞ்சிய?"

டாக்டர் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உடம்புக்கு முடியலன்னு சொல்றார்னு எடுத்துக்கிட்டோம். வலி மருந்தைக் கூட்டினோம். மயக்கம் கொஞ்சம் அதிகமா இருக்கும். அதுக்கப்புறம்தான் மறுபடி இலை, இலைன்னு ஆரம்பிச்சிட்டார்."

"அவரு மாட்டேன்னு சொல்லியிருக்காரு."

"இப்போ புரியுது." டாக்டரின் குரலில் அலுப்பு போய் வேறொன்று வந்திருந்தது. "ஆனா எனக்குக் கை கட்டியிருக்கு மேடம். அட்டவணை முத்திரை வச்சது. அதை மாத்தணும்னா தலைநகரத்துல இருந்து உத்தரவு வரணும், பத்து நாளாகும். நீங்க வாசிச்சுச் சொல்றதும் செல்லாது, சொல்மாற்றியில வர்றது மட்டும்தான் செல்லும். நீங்க கையெழுத்துப் போடலன்னா உங்க மறுப்புன்னு பதிவாகும். மாற்றம் நிக்காது. பதினொன்றரைக்குத் தானா நடந்துரும்."

"வேற வழி?"

"ஒண்ணே ஒண்ணு. பதினொன்றரைக்குள்ள அவரோட மதிப்பெண் ஒரு தடவை நாற்பதைத் தாண்டணும். தாண்டினா எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

"இப்போ மணி?"

"பதினொண்ணு எட்டு," என்றான் சுடலைமணி.

இருபத்திரண்டு நிமிஷம். ஜெபக்கனி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். இயந்திரத்தைத் தொடக் கூடாது, தானும் வாசிக்கக் கூடாது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது கட்டிலில் கிடக்கிற மனுஷன் மட்டும்தான். ஒன்பது வயதில் ஒரு காய்ச்சலில் கண் போகும்வரை அவளும் நோட்டில் எழுதியவள். ல போட்டு முடித்து, அப்புறம் பென்சிலைத் தூக்கி அதன் தலையில் புள்ளி குத்துவாள். முதலில் எழுத்து, பிறகு புள்ளி. பிறவியிலேயே பார்வையில்லாத ஆசீர்வாதத்துக்கு அந்த வரிசை எப்படித் தெரியும்? அவரைப் பொறுத்தவரை புள்ளி முன்னால்தான் விழும், அறுபது வருஷமாக.

"மெஷினை மாத்த வேண்டாம் டாக்டர். நாம அவரை மாத்துவோம்," என்றாள்.

கட்டிலைத் தடவிக்கொண்டு போய் அவர் காதருகே குனிந்தாள். மருந்து வாடை அடித்தது. கையைத் தேடிப் பிடித்தாள். விரலுறைக்குள் விரல்கள் சூடாக இருந்தன.

"ஐயா, நான் ஜெபக்கனி. எனக்கும் கண்ணு கெடையாது. நீங்க எழுதுனதை இப்பத்தான் வாசிச்சேன். உங்க மேல தப்பில்ல. இந்த மெஷினு கண்ணு தெரிஞ்சவங்க செஞ்சது. இதுக்குப் புள்ளி பின்னால வரணும். முதல்ல எழுத்து, அப்புறம் புள்ளி. தப்பா எழுதுங்கய்யா. தப்பா எழுதினாத்தான் இதுக்குப் புரியும்."

விரல்கள் அசைந்தன. ஒரு கட்டம், இரண்டு கட்டம். சொல்மாற்றியின் உணர்ச்சியற்ற குரல் வாசித்தது: "இலை."

"பழக்கம் விடலய்யா. மறுபடி."

"இலை."

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று தலைமாட்டிலிருந்து பதிலி தொடங்கியது. "எனது ஓய்வில் ஏற்படும் தாமதத்திற்கு வருந்துகிறேன். சாட்சி அவர்கள் கையெழுத்திட்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஜெபக்கனியின் கைக்குள் அந்த விரல்கள் சட்டென்று நின்றுவிட்டன. தன் குரலே தன்னை வழியனுப்புவதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் எழுத்துக் கூட்ட வேண்டுமென்றால் எப்படி முடியும்?

"அதை நிறுத்துங்க டாக்டர்!"

"என்னால முடியாது. வீட்டாள் மட்டும்தான் நிறுத்தலாம்."

எல்லாரும் பியூலாவுக்காகக் காத்திருந்தார்கள். அவள் அசையவில்லை.

"அக்கா," என்றாள் மெதுவாக. "நெசமாவே அப்பா முழிச்சா இருந்தாவ? நாப்பது நாளும்?"

"நாப்பது நாளும்."

"நான் இதுகிட்டதான்க்கா பேசிட்டு இருந்தேன். தினமும் சாயங்காலம் இந்தக் கட்டில்லயே உக்காந்து. எங்க அப்பா ஒரு நாள்கூட எங்கிட்டத் தன்மையாப் பேசினது கெடையாது. இது பேசிச்சு. வருந்துகிறேன்னு சொல்லிச்சு, நன்றின்னு சொல்லிச்சு." மூச்சு வாங்கினாள். "அப்பா தூங்கிட்டா எனக்கு நிம்மதின்னு சொன்னேன்க்கா. நீ வீட்டுக்கு வா, நாம சந்தோஷமா இருப்போம்னு சொன்னேன். அவ்வளவும் கேட்டுக்கிட்டா கெடந்தாவ?"

மணி பதினொன்று பதினாறு என்று சுடலைமணி முணுமுணுத்தான். பியூலாவின் செருப்புச் சத்தம் தலைமாட்டுக்குப் போய் நின்றது. பதிலி, "அன்பு மகளின் கவனத்திற்கு," என்று தொடங்கியது. முடிக்கவில்லை.

அறை அமைதியானது. இப்போதுதான் ஆசீர்வாதத்தின் மூச்சு ஜெபக்கனிக்குக் கேட்டது.

அவள் அவருடைய வலது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். "இ," என்று சொன்னாள். அழுத்தினார். "இனிமே புள்ளி இல்லய்யா. நேரா ல போங்க." விரல் தடுமாறியது. நாலாம் புள்ளிக்குரிய விரல் தானாக எழும்பப் பார்த்தது. அதை அவர் அடக்குவது அவளுக்கு நடுக்கமாகத் தெரிந்தது. ல விழுந்தது. "இப்போ புள்ளி." விழுந்தது. "இப்போ லை."

"இல்லை," என்றது சொல்மாற்றி.

சுடலைமணி விம்மினான். ஆள் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிய விம்மல்.

"முப்பத்தொண்ணு," என்றார் டாக்டர். "எழுதுங்க ஐயா, விடாதீங்க."

அதற்குப் பிறகு ஜெபக்கனி ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மயக்க மருந்து பின்னுக்கு இழுக்க, அறுபது வருஷப் பழக்கம் முன்னுக்குத் தள்ள, அந்த மனுஷன் ஒவ்வொரு எழுத்தையும் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் தவறினார். தவறியதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பியூலா வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"நான்," என்றது சொல்மாற்றி. நீண்ட இடைவெளி. "நான் ஆசீர்வாதம்."

"முப்பத்தொன்பது."

"மணி?"

"பதினொண்ணு இருபத்தாறு."

விரல்கள் நின்றன. தூங்கிவிட்டாரோ என்று ஜெபக்கனிக்குத் திக்கென்றது. கையை உலுக்கினாள். "ஐயா! இன்னும் ஒண்ணு. எதாவது சொல்லுங்க. பியூலா நிக்கா பாருங்க."

மெள்ள மெள்ளக் கட்டங்கள் விழுந்தன. இந்தத் தடவை நீளமாக. சொல்மாற்றி முழு வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பில் ஜெபக்கனி தன் உதட்டைக் கடித்தே புண்ணாக்கிக்கொண்டாள்.

"எல்லாம் கேட்டேன் பியூலா. நான் தன்மையாகப் பேசியதில்லை என்பது உண்மைதான். அழாதே."

"அறுபத்தெட்டு!" என்று டாக்டர் கத்தியே விட்டார். அறுபது கட்டிலைப் பார்க்கிற ஒருவர் அப்படிக் கத்தி அந்த மாடியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பியூலா கட்டிலில் விழுந்து அழுதாள். சுடலைமணி ஓடிப்போய் மாற்றத்தை ரத்து செய்கிற பொத்தானை இரண்டு தடவை அழுத்தினான். மருந்தை நிறுத்தச் சொல்லி டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஜெபக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய்யில்லை. ஆனால் நெஞ்சுக்குள் அந்தப் பதற்றம் இறங்கவில்லை. காலையில் பெஞ்சில் இருந்ததைவிட இப்போது அதிகமாக இருந்தது. அது ஏன் என்று தெரிந்ததும் சுடலைமணி இருந்த பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இந்த அட்டவணை எப்பலேர்ந்து இருக்கு?"

"மெஷினு வந்த நாள்லேர்ந்துக்கா. மூணு வருஷம்."

சந்தடி கொஞ்சம் அடங்கியது. டாக்டருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"அந்த நாலு பேரோட மூலமும் இருக்குல்லா?"

"இருக்கும். அழிக்கக் கூடாதுன்னு சட்டம்." சுடலைமணி தயங்கினான். "எக்கா, இன்னைக்கு வேண்டாமே."

"நாலு பேரும் எப்படி இருக்காவ டாக்டர்?"

"ஒருத்தர் ஜனவரியில இறந்துட்டார். மத்த மூணு பேரும் கீழ் மாடியில இருக்காங்க." டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுப்பிப் பாக்கலாம். ஆறு மாசத்துக்கு மேல தூங்கினவங்களை இதுவரை யாரும் எழுப்பினதில்ல. ஆனா பாக்கலாம்."

"கடைசியா நான் கையெழுத்துப் போட்டவங்க யாரு?"

"பொன்னுத்தாய். கயத்தாறு. பாங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. ஏழு மாசமாச்சு."

ஜெபக்கனிக்கு அந்தப் பெயர் நினைவிலேயே இல்லை. அது அவளை இன்னும் கூசவைத்தது. பொன்னுத்தாயை அவள் தொட்டதில்லை. சுருக்கத்தைத் தொட்டிருக்கிறாள். அன்று பட்டையில் என்ன இருந்தது என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

"போடு தம்பி. கடைசி நாளோட கடைசிப் பக்கத்தைப் போடு."

ஊசிகள் படுத்தன. எழுந்தன. அவள் விரலை வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வைத்த பிறகு நிறுத்தாமல் ஓட்டினாள். நல்ல சுத்தமான எழுத்து. ஒவ்வொரு புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில், எழுத்துக்கு முன்னால் இருந்தது.

'இன்னைக்கு ஒரு சாட்சி வாராளாம். நர்ஸு சொல்லிட்டுப் போறா. அவளுக்கும் கண்ணு தெரியாதாம், புள்ளியெழுத்து படிச்சவளாம். இனிமே எனக்குப் பயமில்ல. அவ தொட்டுப் பாத்திருவா.'

"என்னக்கா போட்டிருக்கு?" என்றான் சுடலைமணி.

"எத்தனை மணிக்கு எழுதியிருக்காவன்னு பாரு."

அவன் பார்த்துச் சொன்னான். "பதினொண்ணு பத்து."

"நான் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்?"

அதையும் பார்த்தான்.

"பதினொண்ணு பதினாலுக்கா."